இளஞ்சிவப்புக் கல்லில் பேயம்மை

பந்தியாய் ஸ்ரெய் கோயிலை நினைத்தால் எனக்கு முதலில் ஊறுவது நாக்குதான். சியம் ரீப்பிலிருந்து அங்கே போகிற வழியில் பிரடாக் என்றொரு கிராமம். சாலையோரம் வரிசையாகக் கொட்டகைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் மண் அடுப்பு, அதன்மேல் அகலமான சட்டி, சட்டியில் பதநீர் கொதித்துக் கொதித்துக் கூழாகிக்கொண்டிருக்கும். இறக்கியதும் சின்னச் சின்ன வில்லைகளாக வார்த்து, ஆறவிட்டு, பனையோலைக் குழலில் அடுக்கி விற்கிறார்கள். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் உடன்குடிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வில்லையை வாயில் போட்டு, கண்ணை மூடி, சற்று நேரம் யோசித்துவிட்டு, "பதம் சரியா இருக்கு. நிறம்தான் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார். கருப்பட்டி விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கம்போடியாவுக்கு தேசிய மரம் பனை, தமிழ்நாட்டுக்கு மாநில மரம் பனை. வயல் வரப்பில் நிற்கிற பனைகளைப் பார்த்துக்கொண்டே போனால் திருச்செந்தூர்ப் பக்கம் போகிற மாதிரிதான் இருக்கும். வீடுகள்தான் வேறு, எல்லாம் கால்களின்மேல் நிற்கிற மர வீடுகள். கீழே மாடும் ஊஞ்சலும்.

இன்னொருவர் வரலாற்று வாத்தியார். மூன்றாவது ஆள் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற தம்பி. எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவன், கேமரா விஷயத்தில் எல்லோருக்கும் அண்ணன். நான் நடுவில். நாலு பேருக்கும் படம் எடுக்கிற கிறுக்கு உண்டு. அங்கோர் நுழைவுச்சீட்டு அலுவலகத்தில் ஒருநாள் சீட்டுக்கு 37 டாலர் வாங்கிக்கொண்டு, நம் முகத்தையே படம் பிடித்துச் சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். "நாம எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க எடுத்துட்டாங்க" என்றான் தம்பி. அவன் முகம் அந்தச் சீட்டில் தூக்கத்தில் எழுப்பிய முகமாக விழுந்திருந்தது. அது அவனுக்குப் பெரிய மனக்குறை.

அங்கோர் வாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சூரிய உதயம் பார்க்கக் குளத்தங்கரையில் ஆயிரம் பேர்; ஆயிரம் பேர் கையிலும் ஒரே படம். அங்கே நிற்கும்போதுதான் உடன்குடிக்காரரின் செல்பேசியில் அந்தச் செய்தி வந்தது. ஊரிலிருந்து யாரோ குழுவில் போட்டிருந்தார்கள். உலகின் மிகப்பெரிய கோயிலைக் கட்டிய சூரியவர்மன் தமிழ் மன்னன், பகிருங்கள், பெருமைப்படுங்கள். அவர் சத்தமாக வாசித்தார். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் பெரிதாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

பந்தியாய் ஸ்ரெய் அங்கிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டர். அங்கோர் வாட்டைப் பார்த்த கண்ணோடு உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும். தேவதைகள் குடியிருக்கிற அளவில் கட்டிவிட்டு மனிதர்களை வெளியே நிற்கச் சொன்ன மாதிரி ஒரு கோயில். நடுக் கருவறையின் வாசல் உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. குனிந்தால்கூடப் போதாது, தவழ வேண்டும். உள்ளறை 1.7 மீட்டருக்கு 1.9 மீட்டர். நடுக்கோபுரம் 10 மீட்டர்கூட இல்லை. உள்சுற்று மொத்தமே 24 மீட்டர் சதுரம். நம்மூரில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கையகலம்கூடச் செதுக்காமல் விட்ட இடம் இல்லை. கல் இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தைக் கடைவது போலக் கடைந்திருக்கிறார்கள். கொடி, கொடிக்குள் பூ, பூவுக்குள் சின்னதாக ஓர் உருவம், அந்த உருவத்தின் கையில் என்னவோ. தம்பி அகலக் கோண லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினான். "அண்ணே, இது தூரத்துல நின்னு எடுக்கிற கோயில் இல்ல."

இதைக் கட்டியவர் ராஜா இல்லை என்பது வாத்தியாருக்குப் பிடித்த விஷயம். யக்ஞவராகர் என்ற பிராமணர். முதலாம் ஹர்ஷவர்மனின் பேரன், இரண்டாம் ராஜேந்திரவர்மனின் அவையில் இருந்தவர், அடுத்து வந்த ஐந்தாம் ஜெயவர்மனுக்குக் குரு. தன் தம்பி விஷ்ணுகுமாரனோடு சேர்ந்து கட்டினார். கல்வெட்டுப்படி 967-ஆம் ஆண்டு ஏப்ரலில் குடமுழுக்கு. உள்ளே இருந்த லிங்கத்தின் பெயர் திரிபுவனமகேஸ்வரம். ராஜா கட்டினால் மலை மாதிரி அடுக்கி வானத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். குருவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. படித்த மனுஷன் கட்டிய கோயில் என்பது ஒவ்வொரு வாசல் முகப்பிலும் தெரிகிறது; கதைகளை அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார். வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்கிறார்கள். காமன் சிவன்மேல் அம்பு தொடுக்கிறான். காண்டவ வனம் எரிகிறது. மேலே ஐராவதத்தில் இந்திரன் மழையைப் பொழிய, கீழே கிருஷ்ணனும் அர்ஜுனனும் தடுக்கிறார்கள். அந்த மழையைக் கல்லில் சாய்கோடுகளாக வரிவரியாக இழுத்திருக்கிறான் சிற்பி. மழையைச் செதுக்கலாம் என்று அவனுக்கு யார் சொன்னது!

எனக்கு அதிக நேரம் போனது ராவணன் முகப்பில். தெற்கே நூலகம் என்று சொல்கிற சின்னக் கட்டிடத்தின் கிழக்கு முகப்பு அது. கைலாயம் படிப்படியாக ஏறுகிற பிரமிடாக இருக்கிறது, அதாவது கெமர் கோயிலாகவே இருக்கிறது. மேலே சிவன், அவர்மேல் பயந்து ஒட்டிக்கொள்கிற பார்வதி, கீழ்ப் படிகளில் முனிவர்கள், விலங்கு முகக் கணங்கள், அடியில் பத்துத் தலையோடு மலையைப் பெயர்க்கிறவன். மிருகங்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடுகின்றன. எல்லோராவிலும் இதே கதை உண்டு. அங்கே மலை குலுங்குவது உடம்புக்குத் தெரியும். இங்கே ஒரு ஊரே கலவரப்படுவது தெரிகிறது.

இந்தக் கோயிலுக்கு ஒரு திருட்டுக் கதையும் உண்டு. காட்டுக்குள் கிடந்த இது ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது 1914-இல். 1923 கடைசியில் 22 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் மனைவியையும் ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டிகளோடு வந்து, சுவரிலிருந்த தேவதைகளை அறுத்துப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார். ஃப்னோம் பென்னில் பிடிபட்டார். 1924-இல் மூன்று வருடத் தண்டனை, மேல்முறையீட்டில் ஒரு வருடமாகக் குறைந்து, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் பெயர் ஆந்த்ரே மால்ரோ. பின்னாளில் அந்த அனுபவத்தையே நாவலாக்கிப் புகழ் பெற்றார். 1959-இல் பிரான்சின் கலாச்சார அமைச்சரானார். சிலை திருடியவர் கலாச்சார அமைச்சர் ஆவதெல்லாம் நம்மூரில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் உடன்குடிக்காரர். ஒரு நன்மை நடந்தது. அந்த வழக்குக்குப் பிறகு கோயிலின்மேல் கவனம் திரும்பி, 1931-இலிருந்து 1936 வரை ஆன்றி மார்ஷல் இதைக் கல் கல்லாகப் பிரித்து, விழுந்ததையெல்லாம் தேடிச் சேர்த்து, பழையபடி எடுத்துக் கட்டினார். ஜாவாவில் டச்சுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட முறை. அங்கோர் பகுதியில் அந்த முறையில் எழுப்பிய முதல் பெரிய கோயில் இதுதான்.

தேவதைகளைப் படம் எடுக்கத்தான் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். கயிறு கட்டித் தடுத்திருப்பதால் நடு மேடைமேல் ஏற முடியாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று லென்ஸ் வழியாகத்தான் கிட்டே போக வேண்டும். கோயில்களுக்கு முன்னால் குந்தியிருக்கிற குரங்கு முகக் காவலர்களும் சிங்க முகக் காவலர்களும் நகல்கள்; அசல் ஃப்னோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில். பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதுகிற முகப்பும் அங்கேதான். திலோத்தமைக்காகச் சுந்தனும் உபசுந்தனும் அடித்துக்கொள்கிற முகப்பு பாரிஸில் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மால்ரோ தோற்றார், பாரிஸ் தோற்கவில்லை.

நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்லை. நடுக்கோயிலுக்குள் நுழைகிற கிழக்கு வாசல். அதன் வழியாகத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். உள்ளே தெரிகிற கோபுரத்தைப் பார்த்தபடியே போவதால் யாரும் தலையைத் தூக்குவதில்லை. நாங்களும் அப்படித்தான் போயிருப்போம். எங்களுக்கு முன்னால் ஒரு கெமர் வழிகாட்டி, ஐரோப்பியக் கூட்டம் ஒன்றை நிறுத்தி, கையிலிருந்த லேசர் விளக்கால் மேலே சுட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சொல் மட்டும் தடுக்கியது. காரிக்கல்.

வாத்தியார் நின்றார். மேலே பார்த்தார். பத்துக் கைகளோடு சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார். காலடியில் ஒரு பக்கம் மத்தளக்காரர். இன்னொரு ஓரத்தில் சின்னதாக ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது. சதை வற்றிய உடம்பு. தொங்கிப்போன மார்பு. அத்தனை தேவதைகளும் பூவும் நகையுமாக நிற்கிற கோயிலில், அழகு என்று எதையும் வைத்துக்கொள்ளாத ஒரே பெண்.

"அம்மையாருய்யா" என்றார் வாத்தியார். குரல் வேறு மாதிரி இருந்தது.

நாலு பேரும் கேமராவைத் தூக்கினோம். தம்பி கையைக் காட்டித் தடுத்தான். "அண்ணே, இப்ப எடுக்காதீங்க. வெயில் மூஞ்சிக்கு நேரா அடிக்குது. எல்லாம் தட்டையா விழும். வெயில் மேல ஏறட்டும், அப்பத்தான் பள்ளமும் மேடும் பிரியும்." மணப்பெண் முகத்தில் நகையின் நிழல் எப்படி விழ வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கவலைப்பட்டவன் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். காலைப் பொன் வெயிலுக்காக ஓடி வந்தவர்கள் படமெடுத்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளிச்சுற்றில் மர நிழலில் உட்கார்ந்தோம். பையிலிருந்த பனை வில்லைகள் அப்போதுதான் தீர்ந்தன.

காத்திருந்த நேரத்தில் வாத்தியார் பேசினார். காரைக்கால் அம்மையார் ஆறாம் நூற்றாண்டு. அந்த ஊர் வணிகர் வீட்டுப் புனிதவதி. மாம்பழக் கதை நமக்குத் தெரியும். கணவன் அஞ்சி விலகியதும் உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். தலையால் நடந்து கைலாயம் ஏறி, திருவாலங்காட்டில் ஆடுகிறவன் அடிக்கீழ் இருந்து பாடியவர். இந்தக் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துச் சொன்னது பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். இந்தக் கல் செதுக்கப்பட்டது 967-இல். சேக்கிழார் எழுத்தாணியை எடுக்க இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கும்போதே அம்மை இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அம்மையார் இருக்கிறாரே, அதற்கும் இது அறுபது வருடமாவது மூத்தது. செம்பியன் மாதேவி சோழநாட்டில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றி, சுவர் மாடங்களில் ஆடவல்லானை நிறுத்திக்கொண்டிருந்த அதே காலம்.

"அப்ப நம்ம ஆளுங்கதானே வந்து செதுக்கியிருக்கணும்?" என்று உடன்குடிக்காரர் கேட்டார். செல்பேசிச் செய்தி அவர் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வாத்தியார் அதற்காகத்தான் காத்திருந்தார். "நல்லாப் பாருங்க. சிவன் இடுப்புல கட்டியிருக்கிறது எந்த ஊர்க் கட்டு? அந்த முகத்துல உதடும் கண்ணும் யாரோடது? சுத்தி இருக்கிற நாகம் எந்த ஊர் நாகம்? எல்லாம் இவங்களோடதுங்க. கதை மட்டும்தான் நம்மூர்லேர்ந்து வந்தது." பிறகு அடுக்கினார். அங்கோர்க் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. எழுத்து வடிவம் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது, அது உண்மை. கம்போஜ மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்று அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குக் கம்போஜ அரசன் கொடுத்த கல் ஒன்று சிதம்பரத்தில் பதிக்கப்பட்டதாக 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் இருந்தது, மரியாதை இருந்தது. அதை வைத்து சூரியவர்மனுக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை எழுதிக் கொடுக்க முடியாது.

எனக்கு அவர் சொன்னதில் முழுச் சம்மதம். அந்தச் செய்திகளில் எனக்குக் கோபமே இதுதான். ஆயிரம் வருடத்துக்கு முன் கெமர் சிற்பிகள் கை நோகச் செதுக்கியதை, உட்கார்ந்த இடத்திலிருந்து பெயரை மாற்றி எடுத்துக்கொள்கிறோம். மால்ரோவாவது மாட்டுவண்டியும் ரம்பமும் கொண்டு வந்தார். இத்தனைக்கும் அங்கே பெருமைப்பட உண்மையாகவே ஒன்று இருக்கிறது. படை போகாமல், வரி கேட்காமல், ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை கடல் கடந்து போய், ஒரு கெமர் குருவுக்குப் பிடித்துப்போய், தன் கோயில் வாசலில் இடம் கொடுத்திருக்கிறார். யார் கொண்டுபோனார்கள்? வணிகரா, துறவியா, கப்பலில் போன பாட்டுக்காரரா? அவர்கள் யாரும் கல்வெட்டு வைக்கவில்லை.

காரைக்கால் என்றதும் எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். ஆனி மாதம் அங்கே மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் உலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே கூட்டம் கைகளை நீட்டிப் பிடிக்கும். சட்டையெல்லாம் மாம்பழச் சாறு. மால்ரோ பிடிபட்ட காலத்தில் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில், கம்போடியாவும் பிரெஞ்சு ஆட்சியில். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் சைகோனில் அரசாங்க வேலைகளில் இருந்தார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இந்த வாசலுக்குக் கீழே நின்று தங்கள் ஊர் அம்மையைப் பார்த்திருப்பாரா என்று அவ்வப்போது யோசிப்பேன்.

பத்தரை வாக்கில் தம்பி எழுந்தான். வெயில் மேலேறி, சிற்பங்களின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலையில் தட்டையாக இருந்த முகப்பு இப்போது ஆழமாகிவிட்டது. சிவனின் கைகள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பிரிந்தன. அம்மையின் கன்னக் குழியில் ஒரு நிழல், கழுத்துக்குக் கீழே ஒரு நிழல். 200 மில்லிமீட்டர் லென்ஸில் அந்த முகம் முழுச் சட்டத்துக்கு வந்தது. உடன்குடிக்காரர் செல்பேசியில் எடுக்கப் பார்த்து, விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரும்புகிற வழியில் கண்ணிவெடி அருங்காட்சியகத்தில் நிறுத்தினோம். சிறுவயதில் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டு, பின்னாளில் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பதையே வேலையாக்கிக்கொண்ட அகி ரா என்பவர் தொடங்கியது. செயலிழக்கச் செய்த வெடிகளைக் கண்ணாடிக் கூண்டில் குவித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் டுக்டுக் ஓட்டுநர் உள்ளே வரவில்லை. நாங்கள் அவரை அங்கத்து வழக்கப்படி "போங்" என்றுதான் கூப்பிட்டோம், அண்ணன் என்ற அர்த்தத்தில். தொண்ணூறுகளில் இந்தச் சாலையில் பகலிலும் யாரும் போகமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்கிற துணிச்சல் எங்களுக்கு இல்லை. வாத்தியார்கூடக் கேட்கவில்லை. பிரடாக்கில் நிறுத்தி மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்; காசு வாங்க மறுத்துவிட்டார். இடியாப்பத்தில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு அது புதிது இல்லை, மேலே தூவுகிற பச்சைப் பூவும் இலையும்தான் புதிது.

அன்றிரவு விடுதியில் நாலு பேரின் படங்களையும் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். தேவதைகள் எல்லோரிடமும் ஒரே மாதிரி. ராவணன் என்னுடையது பரவாயில்லை. அம்மை தம்பியுடையதுதான். படத்தின்மேல் ஓர் எழுத்தும் சேர்க்காமல் உடன்குடிக்காரர் ஊர்க் குழுவில் போட்டார். கீழே, 967, யக்ஞவராகர் கட்டியது, கெமர் சிற்பிகள், காலடியில் நம் காரைக்கால் அம்மையார் என்று எழுதினார். பாராட்டு எதுவும் பெரிதாக வரவில்லை. சூரியவர்மன் செய்திக்கு வந்ததில் பாதிகூட இல்லை. ஒருவர் மட்டும் எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பஸ் ஏதும் கிடையாது. சியம் ரீப்பிலிருந்து டுக்டுக் பேசிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோயில் காலை 7:30-க்குத் திறக்கும். திறந்ததும் போய்க் கூட்டம் வருமுன் சுற்றிப் பார்த்துவிடுங்கள். படம் எடுப்பதை வெயில் ஏறும்வரை தள்ளிப்போடுங்கள். அகல லென்ஸ் விடுதியிலேயே இருக்கட்டும், தூர லென்ஸ் கட்டாயம். உள்ளே நுழையுமுன் கிழக்கு வாசலில் நின்று தலையைத் தூக்குங்கள். படத்தைக் குழுவில் போடும்போது அம்மையார் பெயரோடு கட்டியவர் பெயரையும் போடுங்கள்: யக்ஞவராகர்.